அமெரிக்கக் கல்லூரி அனுமதி: ஆர்வமும் உதவித்தொகையும்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு பிள்ளையை அமெரிக்காவுக்கு அனுப்ப விரும்பும் பெற்றோர் நம் சங்கத்திலும் பெருகி வருகிறார்கள். மதிப்பெண் இருந்தால் இடம் தானே வரும் என்று அவர்களில் பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் கல்வி ஆலோசகன் அல்லன். டிப்ளமோ படித்து ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் இவ்விஷயத்தில் தவறான யோசனை ஒன்றைச் சொல்லி, அதன் விளைவைக் கண்ணால் கண்டவன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2022-ஆம் ஆண்டின் இறுதியில் என் பேத்தி அமெரிக்காவில் ஒரு தனியார் கல்லூரிக்கு விண்ணப்பித்தாள். படிவத்தில் 'நிதி உதவி கோருகிறீர்களா?' என்று ஒரு கேள்வி. "மாமா, என்ன போடலாம்?" என்று மாப்பிள்ளை கேட்டார். "முதலில் வண்டியில் ஏறிவிடுங்கள் மாப்பிள்ளை, பெர்த்தை டி.டி.ஆரிடம் கேட்டுக்கொள்ளலாம்" என்றேன். 'இல்லை' என்று குறித்தார்கள். 2023 மார்ச்சில் அனுமதி வந்தது. வீட்டில் பாயசம் வைத்தோம். பிறகு உதவி கேட்டு எழுதியபோது பதில் வந்தது: விண்ணப்பிக்கும்போது கோராத வெளிநாட்டு மாணவருக்கு நான்கு ஆண்டுகளும் உதவி கிடையாது. அந்த விதி அவர்கள் இணையதளத்திலேயே இருந்தது. நாங்கள்தான் படிக்கவில்லை. இன்று அங்கே பல தனியார் கல்லூரிகளில் படிப்புக்கும் தங்குவதற்குமாக ஆண்டுக்கு 80,000 டாலருக்கு மேல் ஆகிறது. அந்த இடத்தை விட்டுவிட வேண்டியதாயிற்று.

அதன் பிறகு உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, ஆர்வம். 1,000 இடம் உள்ள கல்லூரி 1,000 பேருக்கு மட்டும் அனுமதி தருவதில்லை. அனுமதி பெறுபவர்களில் நான்கில் ஒருவர்தான் வந்து சேருவார் என்றால், 4,000 பேருக்குத் தரவேண்டும். இந்தக் கணக்கு பிசகினால் விடுதியில் இடம் போதாது, அல்லது வகுப்பறை காலியாகக் கிடக்கும். ஆகவே 'இந்த மாணவர் உண்மையில் வருவாரா?' என்று சில கல்லூரிகள் பார்க்கின்றன. கல்லூரி நடத்தும் விளக்கக் கூட்டத்தில் கலந்துகொண்டாரா, நேர்காணலுக்கு அழைத்தால் வந்தாரா, 'எங்கள் கல்லூரி ஏன்?' என்ற கட்டுரையில் பாடத்திட்டத்தைப் படித்து எழுதியிருக்கிறாரா என்றெல்லாம் குறித்துக்கொள்வார்கள். கூட்டங்கள் இணையம் வழியாகவும் நடப்பதால், நாம் விமானம் ஏறிப் போய்ப் பார்க்கத் தேவையில்லை.

எல்லாக் கல்லூரிகளும் இதைப் பார்ப்பதில்லை. ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு, எம்.ஐ.டி. போன்றவை இதைக் கணக்கில் எடுப்பதில்லை என்றே அறிவித்திருக்கின்றன. தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. பெரும்பாலான கல்லூரிகள் 'காமன் டேட்டா செட்' என்ற விவர அறிக்கையை ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. அதில் சி7 என்ற பகுதியில், விண்ணப்பதாரரின் ஆர்வம் மிக முக்கியமா, முக்கியமா, கவனிக்கப்படுமா, கவனிக்கப்படாதா என்று குறித்திருப்பார்கள்.

ஆர்வத்தைக் காட்டும் மிக வலுவான வழி 'எர்லி டிசிஷன்'. பெரும்பாலும் நவம்பர் முதல் வாரத்திலேயே விண்ணப்பித்து, இடம் கிடைத்தால் கட்டாயம் சேருவேன் என்று ஒப்பந்தம் செய்வது அது. கிடைத்த உதவி போதவில்லை என்றால் விலக வழியுண்டு. ஆனால் பல கல்லூரிகளின் உதவித்தொகையை ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு போய்விடும். பணம் யோசிக்கவேண்டிய குடும்பம் இதில் நிதானமாக இறங்கவேண்டும்.

இரண்டாவது, உதவித்தொகை. 'நீட் பிளைண்ட்' என்று ஒரு சொல் வரும். நம் மருத்துவ நுழைவுத் தேர்வுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உதவி கேட்டிருக்கிறாரா என்பதைப் பார்க்காமலே அனுமதியை முடிவு செய்வதற்கு அந்தப் பெயர். வெளிநாட்டு மாணவர் விஷயத்திலும் அப்படிச் செய்பவை சிலவே. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் ஆகியவை அவற்றுள் அடங்கும். மற்ற பல கல்லூரிகள் 'நீட் அவேர்'. வெளிநாட்டு மாணவருக்கென்று ஒதுக்கிய தொகை அளவானது. அதிகம் கேட்பவருக்குப் போட்டியும் அதிகம். உதவி கேட்டால் அனுமதி கடினமாகலாம் என்பது உண்மைதான். ஆனால் கேட்காமல் வாங்கிய அனுமதியைப் பணமில்லாமல் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தகுதி உதவித்தொகை என்பது வேறு. அது குடும்ப வருமானத்தைப் பாராமல், நல்ல மாணவரைக் கவர்வதற்காகக் கல்லூரி தருவது. சில இடங்களில் தனி விண்ணப்பம் வேண்டாம். சில இடங்களில் கெடு முன்னதாகவே முடிந்துவிடும். பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் டிரஸ்டி உதவித்தொகைக்கு டிசம்பர் 1 என்று வைத்திருந்தார்கள். ஜனவரியில் விழித்துக்கொண்டால் பயனில்லை.

பெற்றோருக்கு என் வேண்டுகோள் இதுதான். ஆண்டுக்கு எவ்வளவு தர முடியும் என்று முதலில் வீட்டில் உட்கார்ந்து உண்மையான கணக்குப் போடுங்கள். மாணவர் விசாவுக்கு முன் முதல் ஆண்டுச் செலவுக்குப் பணம் இருப்பதைக் கல்லூரிக்குக் காட்டியாக வேண்டும். அடுத்து, விரும்பும் ஒவ்வொரு கல்லூரியின் அறிக்கையிலும் எச்6 பகுதியைப் பாருங்கள். வெளிநாட்டு மாணவர் எத்தனை பேருக்கு, சராசரி எவ்வளவு உதவி என்பது அங்கே இருக்கும். 'பிறகு கேட்கலாமா?' என்று விண்ணப்பிக்கும் முன்பே மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். அப்படிக் கேட்பதால் பிள்ளையின் வாய்ப்பு கெட்டுவிடாது.

என் பேத்தி இப்போது இங்கேயே பொறியியல் படிக்கிறாள், நன்றாகவே படிக்கிறாள். "விடுங்க தாத்தா" என்று அவள் சொல்லிவிட்டாள். இருந்தாலும் அந்தப் படிவத்தின் ஒரு கட்டம் என் மனத்தை விட்டுப் போகவில்லை. நம் சங்கத்துப் பிள்ளை எவருக்கும் அது நேரக்கூடாது.