வில்லுத்தகடு நிமிர்ந்தால் போதுமா?

அமெரிக்காவிலும் கனடாவிலும் பிக்கப் வாகனத்தின் முதுகில் ஒரு சிறு வீட்டையே ஏற்றிக்கொண்டு பயணம் போகின்றவர்கள் பலர் உள்ளனர். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, சிலவேளை கழிவறையும் கூட அடங்கிய பெட்டி அது. பிக்கப்பின் பின்தட்டில் அதை இறக்கி, நான்கு மூலைகளிலும் இறுகக் கட்டிவிடுவார்கள். விடுமுறை முடிந்ததும் கழற்றி, வீட்டு முற்றத்தில் கால்களில் நிறுத்திவிடுவார்கள். அந்நாட்டவர் இதைக் கேம்பர் என்பர். நாம் இங்கே வீட்டுப்பெட்டி என்று சொல்வோம்.

வீட்டை வாகனத்தில் ஏற்றுவது எமது வாசகர்களுக்குப் புதிய சங்கதி அல்ல. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டவர்களும், 2008இலும் 2009இலும் வன்னிக்குள் ஊர் ஊராக நகர்ந்தவர்களும் கூரைத்தகரத்தையும் கதவு நிலையையும் நெல்மூட்டையையும் உழவு இயந்திரப் பெட்டியில் அடுக்கியவர்கள்தாம். அங்கே உல்லாசத்துக்கு ஏற்றுகிறார்கள். இங்கே வேறு வழியின்றி ஏற்றினோம். ஆனால் பாரம் பாரம்தான். அந்த வீட்டுப்பெட்டிக்காரர் பணம் செலவழித்துக் கற்ற பாடங்கள் எமக்கும் உதவும் என்பதாலேயே இதை எழுதுகிறோம்.

இன்று எமது குடும்பங்கள் சில தனியாகவோ, இரண்டு மூன்று பேர் சேர்ந்தோ பழைய பிக்கப் ஒன்றை லீசிங்கில் எடுத்து ஓடுகின்றன. மரக்கறி ஏற்ற உயர்ந்த பெட்டி அடிக்கிறார்கள். நடமாடும் கடையாகவும் மாற்றுகிறார்கள். பாரம் ஏறியதும் பின்புறம் குந்துகிறது. உடனே கிடைக்கும் ஆலோசனை, “இரண்டு தகடு கூடப் போடுங்கோ, எல்லாம் சரியாகும்” என்பதே. தகடு போட்டதும் வாகனம் நிமிர்ந்து நிற்கும். நிமிர்ந்து நிற்கின்ற வாகனம் கூடுதல் பாரத்தைத் தாங்கும் என்று நாமும் நம்பிவிடுகிறோம். இந்த நம்பிக்கைதான் ஆபத்தானது.

பாரம் போகும் வழி

தட்டில் வைத்த பாரம் முதலில் அடிச்சட்டத்துக்குப் போகிறது. அங்கிருந்து வில்லுத்தகடுகளுக்கும், பின் அச்சுக்கும், சில்லின் பெயரிங்குகளுக்கும், கடைசியாக ரயருக்கும் இறங்குகிறது. ஓடும் வாகனத்தை நிறுத்தும் வேலை பிறேக்குக்கு உரியது. இந்தச் சங்கிலியில் வில்லுத்தகடு ஒரு கண்ணி மாத்திரமே. அதை மட்டும் தடிப்பாக்கினால் மற்றக் கண்ணிகள் பழைய பலத்திலேயே இருக்கும். வாகனம் தாங்கக்கூடிய பாரத்தைத் தீர்மானிப்பது அவற்றுள் மிகப் பலவீனமானதுதான்.

வலியறிதல் என்ற அதிகாரத்தில் வள்ளுவரும் மயிற்பீலி ஏற்றிய வண்டியைப் பற்றிப் பேசுகிறார். அளவு மிஞ்சும்போது முறிவதாக அவர் சொல்வது அச்சு என்பதைக் கவனிக்க வேண்டும்.

தயாரித்தவர்கள் இந்தக் கண்ணிகள் அனைத்தையும் கணக்கிட்டே மொத்த நிறை எல்லையை விதித்திருக்கிறார்கள். கதவு நிலையிலோ இயந்திர அறையிலோ உள்ள தகட்டிலும், வாகனப் பதிவுச் சான்றிதழிலும் அதைத் தேடிப் பார்க்கலாம். வில்லை மாற்றினாலும் அந்த எண் மாறுவதில்லை. வீட்டுப்பெட்டி ஏற்றும் பிக்கப்பைத் தயாரிப்பவர் அது ஏற்றக்கூடிய நிறையையும், பாரத்தின் நடுப்புள்ளி எங்கே அமைய வேண்டும் என்பதையும் வாங்குபவருக்குத் தெரிவிக்க வேண்டுமென அமெரிக்காவில் 1970களிலேயே விதி செய்தார்கள்.

முதலில் நிறுத்துப் பாருங்கள்

ஓர் உதாரணம் சொல்வோம். வெறும் வாகனம் 1,500 கிலோ. அனுமதித்த மொத்த நிறை 2,500 கிலோ. அப்படியானால் 1,000 கிலோ ஏற்றலாம் என்று தோன்றும். ஆனால் இரும்புச் சட்டமும் பலகையும் கொண்டு அடித்த பெட்டி 250 கிலோ. 100 லீற்றர் தண்ணீர் 100 கிலோ. சாரதியும் உதவிக்கு இருவரும் சேர்ந்து 190 கிலோ. ஆக 540 கிலோ ஏற்கெனவே போய்விட்டது. சரக்குக்கு மிஞ்சுவது 460 கிலோ, அதாவது ஏறக்குறைய 9 அந்தர்தான்.

வீட்டுப்பெட்டிக்காரர் அடிக்கடி ஏமாறுவதும் இங்கேதான். பெட்டியை வெறுமையாக நிறுத்த கணக்கை நம்பி வாங்குகிறார்கள். பிறகு தண்ணீர், எரிவாயுச் சிலிண்டர், மேலதிக பற்றரி, சட்டி பானை என ஒவ்வொன்றாக ஏறுகிறது. எழுத்தாளர் ஜோன் ஸ்ரைன்பெக் 1960இல் முக்கால் தொன் ஜீ.எம்.சி. பிக்கப் ஒன்றில் வீட்டுப்பெட்டி வைத்து, தமது நாயுடன் அமெரிக்காவைச் சுற்றினார். 1962இல் வெளிவந்த பயண நூலில், தேவைக்கு மிக அதிகமாகச் சாமான் ஏற்றியதையும், அதில் புத்தகங்கள் மாத்திரம் 150 இறாத்தல் இருந்ததையும் எழுதியிருக்கிறார். அது ஏறக்குறைய 68 கிலோ. ஒறிகன் மாநிலத்தில் மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரது பின் ரயர் வெடித்ததையும் அதே நூலில் காணலாம்.

ஆகவே லொறிகளை நிறுக்கும் நிலத்தராசு எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். ஆலைகளிலும் களஞ்சியங்களிலும் இருக்கும். வழமையான பாரத்தோடு சென்று, முழு வாகனத்தையும் ஒருமுறை நிறுங்கள். பின்னர் பின்சில்லுகளை மட்டும் தராசில் வைத்து இன்னொருமுறை நிறுங்கள். மொத்தம் எல்லைக்குள் இருந்தாலும் பின் அச்சின் பங்கு மிஞ்சியிருக்கலாம்.

பாரத்தின் நடு எங்கே?

பாரத்தின் நடுப்புள்ளி பின் அச்சுக்குச் சற்று முன்னே இருக்க வேண்டும். துலாவையும் மண்வெட்டிப் பிடியையும் அறிந்த கமக்காரருக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். இரண்டு அச்சுகளுக்கும் இடையே 3 மீற்றர் உள்ள வாகனத்தில் 600 கிலோவை வைப்பதாகக் கொள்வோம். நடுப்புள்ளி பின் அச்சுக்கு 30 சென்ரிமீற்றர் முன்னே இருந்தால் 540 கிலோ பின்னாலும் 60 கிலோ முன்னாலும் இறங்கும். அதே பாரத்தின் நடுப்புள்ளி 50 சென்ரிமீற்றர் பின்னே போனால் பின் அச்சில் 700 கிலோ இறங்கும். முன் அச்சிலிருந்து 100 கிலோ குறைந்துவிடும். முன் சில்லுகள் மண்ணை அழுத்திப் பிடிக்காதபோது ஸ்ரியறிங் இலகுவாகித் தெரியும்; மழைநாளில் வளைவில் திருப்பினாலும் வாகனம் திரும்ப மறுக்கும்.

டபிள் கப் வாகனங்களின் தட்டு குட்டையானது. அதில் நீண்ட பெட்டி வைத்தால் பாரத்தின் பெரும்பகுதி அச்சுக்குப் பின்னே தொங்கும். அந்த நிலையில் வில்லை மட்டும் கடினமாக்கிக் குண்டும் குழியுமான பாதையில் ஓடி, அடிச்சட்டமே வளைந்த வாகனங்கள் உண்டு.

உயரமும் முக்கியம். அரிசி, உரம், தண்ணீர் போன்ற பாரமானவை அடியிலும் முன்புறத்திலும் இருக்கட்டும். வைக்கோல், வெறுங்கூடை போன்றவை மேலே போகட்டும். சுமையின் மேலே ஆட்கள் ஏறியிருப்பது எமது ஊர்களில் வழமையாகிவிட்டது. வாகனம் சாயும்போது முதலில் விழுபவர்கள் அவர்கள். அவர்களில் பெரும்பாலோர் கூலிக்கு வந்த பெண்களும் பள்ளி விடுமுறையில் உதவிக்கு வந்த பிள்ளைகளுமே. இந்த வழமையை நாம் கைவிடத்தான் வேண்டும்.

வில்லுக்கு என்ன செய்யலாம்?

நிறுத்துப் பார்த்து, எல்லைக்குள் உள்ள பாரத்துக்கே பின்புறம் குந்துகிறது என்றால் பழைய தகடுகள் களைத்துவிட்டன என்பது பொருள். அப்பொழுது வில்லைத் திருத்துவது நியாயமே. வழிகள் பல.

முதலாவது, களைத்த தகடுகளை அதே அளவில் புதிதாக மாற்றுவது. பல வாகனங்களுக்கு இதுவே போதும்.

இரண்டாவது, தகடு கூட்டுவது. ஒரே தடிப்பான ஐந்து தகடுகளோடு ஆறாவதைச் சேர்த்தால் விறைப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடும். ஆனால் 8 மில்லிமீற்றர்த் தகடுகளுக்குப் பதிலாக 10 மில்லிமீற்றர்த் தகடுகளைப் போட்டால் விறைப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். அப்படிப்பட்ட வாகனம் வெறுமையாக ஓடும்போது குழிதோறும் சில்லுத் துள்ளும். துள்ளும் சில்லுக்கு வீதியில் பிடி இல்லை.

மூன்றாவது, துணைத்தகடு. பாரம் ஏறும்வரை இது சும்மா இருக்கும். வாகனம் தாழ்ந்ததும் தொட்டுத் தாங்கும். காலையில் சரக்கோடு போய் மாலையில் வெறுமையாகத் திரும்பும் வாகனத்துக்கு இது ஏற்றது.

நான்காவது, அச்சுக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவே வைக்கும் காற்றுப்பை. வீட்டுப்பெட்டிக்காரர் பலர் இதை விரும்புவர். பாரத்துக்கு ஏற்பக் காற்றைக் கூட்டிக் குறைக்கலாம். இடம் வலம் இரண்டுக்கும் தனித்தனிக் குழாய் வேண்டும். ஒரே குழாயால் இணைத்தால் வளைவில் தாழ்ந்த பக்கத்துக் காற்று மற்றப் பக்கம் ஓடி, சாய்வை இன்னும் கூட்டும்.

ஷொக் அப்சோபர் பாரம் தாங்குவதில்லை; வில்லின் ஆட்டத்தை அடக்குவதே அதன் வேலை. வில்லை விறைப்பாக்கினால் அதற்கு ஏற்ற ஷொக் அப்சோபரும் போட வேண்டும். உயர்ந்த பெட்டி பக்கவாட்டில் ஆடினால், சாய்வைத் தடுக்கும் குறுக்குக் கம்பி உதவும்.

வெடித்த தகட்டை ஒட்டவைக்கவோ, நெருப்பில் காய்ச்சி வளைக்கவோ கூடாது. பழைய வில்லுத்தகட்டில் கொல்லர் அருமையான கத்தி அடிப்பார். ஆனால் ஒருமுறை உலையில் சிவந்த தகட்டுக்கு அதன் பழைய வில்குணம் கராஜின் வெறும் நெருப்பாலும் சுத்தியலாலும் திரும்பி வராது. தகட்டைக் கழற்றினால் யூ போல்டுகளைப் புதிதாகவே மாற்றுங்கள். சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் அவற்றை மறுபடியும் இறுக்குங்கள்.

வில்லோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை

ரயரின் பக்கத்தில் அளவுக்கு அருகே ஓர் எண் இருக்கும். அது தாங்கும் பாரத்தின் குறி. 100 என்றால் ஒரு ரயருக்கு 800 கிலோ. 106 என்றால் 950 கிலோ. அந்தப் பாரத்தைத் தாங்க உரிய காற்றும் இருக்க வேண்டும். காற்றுக் குறைந்த ரயர் பாரத்தோடு ஓடும்போது சூடாகி வெடிக்கும். கார் ரயரைப் பிக்கப்புக்குப் போட்டு மலிவு பார்ப்பது பெருநட்டத்தில் முடியும்.

பிறேக்கைப் பற்றிப் பலர் அறியாத ஒன்று உண்டு. யப்பானிய பிக்கப்புகள் பலவற்றில் பின் அச்சோடு ஒரு கம்பியால் இணைத்த வால்வு இருக்கிறது. அடிச்சட்டத்துக்கும் அச்சுக்கும் உள்ள இடைவெளியைக் கொண்டு அது பாரத்தை அறிந்து, வாகனம் தாழ்ந்தால் பின் பிறேக்குக்குக் கூடுதல் பலம் கொடுக்கும். தகடு கூட்டி வாகனத்தை உயர்த்தினால், பாரம் இருக்கும்போதும் வாகனம் வெறுமை என்றே வால்வு எண்ணும். பின் பிறேக் முழுப்பலத்தோடு பிடிக்காது. ஆகவே தகடு மாற்றும் மெக்கானிக்கிடம் அந்த வால்வையும் சரிசெய்யும்படி கேளுங்கள். அதை அறியாதவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம்.

வேகத்தையும் மறந்துவிடலாகாது. வேகம் இரண்டு மடங்கானால் பிறேக் அடக்கவேண்டிய சக்தி நான்கு மடங்காகும். முழுப் பாரத்தோடு போகும்போது வேகத்தைக் குறைப்பது செலவில்லாத திருத்த வேலை.

இரண்டு நடையா, ஒரு நடையா?

“இரண்டு நடை போனால் டீசலுக்கு யார் காசு தருவது?” என்று நீங்கள் கேட்பது எமக்குக் கேட்கிறது. நியாயமான கேள்விதான். ஆனால் அறுவடைக் காலத்தில் அச்சு முறிந்தால் வாகனம் கராஜில் நிற்கும். நெல் களத்தில் நனையும். லீசிங் தவணை நிற்காது. பலமுறை எல்லாவற்றையும் இழந்து மீண்டும் தொடங்கிய குடும்பத்துக்கு இன்னுமோர் இழப்பைத் தாங்குவது எளிதல்ல. பெட்டியை இலேசான பொருளில் அடிப்பது, தேவையற்றதை இறக்குவது, அயலவரோடு கூடி நடைகளைப் பங்கிடுவது ஆகியன தகடு கூட்டுவதைவிட மலிவானவை.

காலபோக அறுவடை தொடங்குமுன் உங்கள் கிராமத்து வாகனங்களை ஒரே நாளில் நிலத்தராசுக்குக் கொண்டு போங்கள். ஒவ்வொன்றுக்கும் மிஞ்சும் நிறையை அந்தர்க் கணக்கில் எழுதி, சாரதியின் கதவின் உட்புறத்தில் ஒட்டிவையுங்கள். ஏற்றுபவர், ஓட்டுபவர், சொந்தக்காரர் ஆகிய மூவரும் அந்த எண்ணை அறிந்திருக்க வேண்டும். வில்லுத்தகட்டு வேலையை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.