மோரிப் கடற்கரையிலிருந்து ஷா ஆலம் வரை

பந்திங் வட்டாரத்து மக்களுக்கு மோரிப் கடற்கரை விடுமுறை நாளுக்குரிய இடம். 1945 செப்டம்பரில், ஜப்பான் சரணடைந்த பின், பிரிட்டிஷ் படை கரையிறங்கியதும் அங்கேதான். எங்கள் வீட்டில் ‘ஜப்பான்காரன் காலம்’ என்று யாராவது சொன்னால் பாட்டி பேச்சை நிறுத்திவிடுவார். சயாம் ரயில்பாதை போடத் தோட்டத்திலிருந்து கொண்டுபோகப்பட்ட அவருடைய அண்ணன் திரும்பவேயில்லை.

1980களின் இறுதியில், ஷா ஆலத்தில் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருப்பதாக மாமா சொன்னபோது, “அவன்கிட்டயா வேலைக்குப் போற?” என்று பாட்டி கேட்டார். பகைமை கண்ட இரு நாடுகள் எப்படித் தொழில் கூட்டாளிகள் ஆயின என்பதை நான் தேடிப் படிக்கத் தொடங்கியது அக்கேள்வியால்தான்.

போர்க்காலக் கொடுமைகளுக்கான ‘இரத்தக் கடன்’ கோரிக்கையைத் தொடர்ந்து, 1967இல் இரு அரசுகளும் ஓர் ஒப்பந்தம் செய்தன. இரண்டரைக் கோடி வெள்ளி மதிப்புள்ள உதவி, சரக்குக் கப்பல்களாக வந்தது. சயாமில் மாண்ட தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் மனக்குறை அதனால் தீரவில்லை.

அடுத்த பாலத்தை வணிகர்கள் கட்டினார்கள். 1977இல் மலேசிய–ஜப்பான் பொருளாதாரச் சங்கமான ‘மஜேக்கா’ தோன்றியது. ஜப்பானில் அதற்கு இணையான சங்கம் ‘ஜமேக்கா’. இருதரப்புத் தொழில் தலைவர்களும் கூட்டு மாநாடுகளில் சந்தித்து, முதலீடு, வாணிபம் பற்றி நேருக்கு நேர் பேசினார்கள். 1982 பிப்ரவரியில் கோலாலம்பூரில் நடந்த அத்தகைய மாநாட்டில்தான் அன்றைய பிரதமர் மகாதீர் ‘கிழக்கை நோக்கும் கொள்கை’யை விளக்கினார். 1983இல் மிட்சுபிஷியின் கூட்டுடன் புரோட்டான் நிறுவனம் உருவானது. 1985இல் ஷா ஆலத்திலிருந்து முதல் சாகா கார் வெளிவந்தது.

ஆனால், தலைவர்களின் கைகுலுக்கல் மட்டும் போதுமா? ஜப்பானின் சரித்திரமே பதில் தருகிறது. அமெரிக்காவில் ஜப்பானியக் குடியேறிகள் மீது வெறுப்பு வளர்ந்த வேளையில், 1909இல் ஷிபுசாவா எய்இச்சி ஏறத்தாழ ஐம்பது பேர் கொண்ட குழுவுடன் அங்கே சென்றார். அமெரிக்க வணிகச் சங்கங்களின் அழைப்பில், தனி ரயிலில் சுமார் மூன்று மாதங்கள் ஊர் ஊராகச் சுற்றினார்கள். நல்ல முயற்சிதான். இருந்தும் 1924இல் அமெரிக்கா ஜப்பானியர் குடியேற்றத்தைச் சட்டத்தால் அடைத்தது. 1941இல் போரே மூண்டது. மேல்மட்டத்து நட்பு சாதாரண மக்களிடையே வேர்விடவில்லை.

நம் நாட்டில் அந்த வேருக்கு ஓரளவு வழி செய்யப்பட்டது. 1982 முதல் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மலேசியர்கள் படிப்புக்கும் பயிற்சிக்கும் ஜப்பான் சென்றிருக்கின்றனர். ஜப்பானியப் பல்கலைக்கழகம் செல்வோருக்கான ஆயத்த வகுப்பு அதே ஆண்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது.

மாமாவும் சில மாதப் பயிற்சிக்குப் போனார். அங்கே ஓர் இளம் பொறியியலாளரிடம் தம் பெரியமாமாவின் கதையைச் சொன்னாராம். போர்க்கைதிகளைப் பற்றி அறிந்திருந்த அந்த இளைஞருக்குத் தமிழ்த் தொழிலாளர் அங்கே மாண்டது தெரியாது. மறுநாள் வரைபடத்தோடு வந்து, “எந்த ஊரிலிருந்து போனார்?” என்று கேட்டாராம். மாமா பந்திங்கைத் தொட்டுக் காட்டினார்.

இதைக் கேட்ட பாட்டி, “கேட்டானா?” என்றார். அதன் பிறகு மாமாவின் வேலையைப் பற்றி அவர் குறை சொன்னதில்லை.

ஜப்பானுக்குச் செல்லவிருக்கும் மாணவர்களே, அவர்களின் மொழியையும் தொழிலையும் கற்று வாருங்கள். போகும்போது நம் கதையையும் கொண்டு செல்லுங்கள்.