கிராம்பான்: பூட்ஸில் கட்டும் இரும்புப் பற்கள்

ஒரு காலத்தில் ஆல்ப்ஸ் பனிச்சரிவுகளில் அடிக்கு அடி கோடரியால் படி வெட்டித்தான் ஏறினார்கள். கை ஓயும் வேலை.

இந்த வேலையைக் குறைக்க 1908இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆஸ்கர் எக்கன்ஸ்டைன் பூட்ஸுக்கு அடியில் மாட்டும் 10 பல் கொண்ட கிராம்பான் சட்டத்தை வடிவமைத்தார். இத்தாலியின் கூர்மாயோர் ஊர்க் கொல்லர் ஹென்றி கிரிவெல் அடித்துக் கொடுத்தார். வாரால் கட்டலாம், பாறை வந்தால் கழற்றலாம். பற்கள் எல்லாம் கீழ்நோக்கியவை என்பதால் செங்குத்துச் சரிவிலும் பாதத்தைத் தட்டையாகவே பதிக்க வேண்டும். கணுக்கால் படும் பாட்டைச் சொல்லவேண்டியதில்லை.

1929இல் அதே குடும்பத்தைச் சேர்ந்த லோரன் கிரிவெல் முன்பக்கம் இரண்டு பற்களை நீட்டினார். இனி நேராக உதைத்தே ஏறலாம்.

1938இல் ஆல்ப்ஸின் ஐகர் சிகரத்து வடமுகத்தில் இந்த 12 பல் கிராம்பானோடு ஒரு நாள் பிந்திக் கிளம்பிய மலையேறிகள் ஹெக்மைரும் ஃபோர்கும், முன்னே சென்ற காஸ்பாரெக், ஹாரர் இருவரையும் எட்டிப் பிடித்தார்கள். ஹாரரின் கால்களில் கிராம்பானே இல்லை. ஆணி அடித்த பூட்ஸ் மட்டும்தான்.