சிற்றுயிரின் முழு உருவம்

நுழையும் முன்

பூச்சி போன்ற சிற்றுயிர்களை மிக அருகிலிருந்து, அவற்றின் உண்மை அளவிலோ அதனினும் பெரிதாகவோ பதிவு செய்யும் கலையை அண்மை ஒளிப்படக்கலை என்பர். டிராம்பேயில் வாழும் நாம் இக்கலையைப் பயில நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. சாலையோர எருக்கஞ்செடியும், வீட்டுப் பால்கனியிலுள்ள கறிவேப்பிலைத் தொட்டியுமே போதும். உயிருள்ள பூச்சியின் உருவத்தை, அதற்குத் தீங்கு செய்யாமல், இயற்கை ஒளியில் முழுத் தெளிவுடன் பதிவு செய்வது எவ்வாறு என்பதை இப்பாடம் விளக்குகிறது.

அருகில் செல்லச் செல்லக் குறையும் தெளிவு

உங்கள் சுட்டுவிரலை முகத்திற்கு அருகில் நீட்டி, அதன் நகத்தை உற்று நோக்குங்கள். அப்போது பின்னாலுள்ள சுவர் மங்கலாகத் தெரியும். சுவரை நோக்கினால் விரல் மங்கிவிடும். கேமராவின் வில்லையும் இவ்வாறே செயற்படுகிறது. அது ஒரு குறிப்பிட்ட தொலைவிலுள்ள பகுதியை மட்டுமே தெளிவாகக் காட்டும். அத்தெளிவு முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் பரவியுள்ளதோ, அதனைப் புல ஆழம் என்பர்.

மலையையோ கடலையோ படம்பிடிக்கும்போது புல ஆழம் பல மீட்டர் இருக்கும். பூச்சியை நெருங்கும்போது அது விரைந்து சுருங்கும். முழுச்சட்டக உணரி கொண்ட கேமராவில், பூச்சியை அதன் உண்மை அளவிலேயே பதிவு செய்வதாகக் கொள்வோம். ஒளித்துளையை எஃப் 8 என வைத்தால், புல ஆழம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் மட்டுமே. தட்டானின் கண் தெளிவாக இருந்தால் மார்பு மங்கும். மார்பு தெளிவாக இருந்தால் கண் மங்கும்.

ஒளித்துளையைச் சிறிதாக்கினால் புல ஆழம் கூடும் என்பது உண்மையே. ஆயினும், துளை மிகச் சிறிதாகும்போது அதன் வழியே செல்லும் ஒளி விளிம்பில் வளைந்து பரவுகிறது. அதனால் படம் முழுவதுமே சற்று மங்கிவிடுகிறது. மேலும், உள்ளே வரும் ஒளியும் குறைந்துவிடும். ஆகவே, ஒரே படத்தில் பூச்சியின் முழு உருவத்தையும் தெளிவாகப் பெறுவது அரிது.

குவிய அடுக்கு முறை

ஒரு படத்தால் இயலாததைப் பல படங்கள் சேர்ந்து செய்கின்றன. பூச்சியின் மிக அருகிலுள்ள பகுதியில் தொடங்கி, குவியத்தைச் சிறிது சிறிதாகப் பின்னோக்கி நகர்த்தி, வரிசையாகப் படங்கள் எடுக்க வேண்டும். ஒவ்வொரு படத்திலும் ஒரு மெல்லிய பகுதி மட்டும் தெளிவாக இருக்கும். பின்னர் அப்படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தெளிவான பகுதிகளை மட்டும் இணைத்து ஒரே படமாக்க வேண்டும். இதுவே குவிய அடுக்கு முறை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். தட்டானின் முகத்திலிருந்து மார்பின் பின்பகுதி வரை 9 மி.மீ. ஆழம் உள்ளது, புல ஆழம் 1 மி.மீ. என்க. ஒவ்வொரு முறையும் 1 மி.மீ. நகர்த்தினால், அடுத்தடுத்த படங்களுக்கிடையே மங்கலான கோடுகள் விழக்கூடும். எனவே 0.75 மி.மீ. மட்டுமே நகர்த்த வேண்டும். 9 ÷ 0.75 = 12. ஆகவே, ஏறத்தாழ 12 படங்கள் தேவைப்படும்.

படங்களை இணைக்க ஹெலிக்கான் ஃபோகஸ், செரீன் ஸ்டாக்கர் போன்ற கணினி மென்பொருள்கள் உள்ளன. குவியம் மாறும்போது உருவத்தின் அளவும் சற்று மாறுவதால், மென்பொருள் முதலில் எல்லாப் படங்களையும் ஒரே அளவுக்குப் பொருத்துகிறது. பின்னர் ஒவ்வொரு புள்ளியிலும் எந்தப் படம் மிகக் கூர்மையாக உள்ளது என ஒப்பிட்டு, அதனைத் தேர்ந்துகொள்கிறது. பூச்சி இடையில் உணர்கொம்பை அசைத்துவிட்டால், இணைத்த படத்தில் ஒரு கொம்பு இரண்டாகத் தோன்றும். அத்தகைய தொகுப்பை விட்டுவிட்டு மீண்டும் தொடங்குவதே நன்று.

ஆங்கிலேய ஒளிப்படக் கலைஞர் லெவன் பிஸ், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பூச்சிகளை இம்முறையில் பதிவு செய்தார். அவருடைய படங்கள் 2016-இல் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டன. ஒரே பூச்சியின் உருவத்தை உருவாக்க அவர் ஏறத்தாழ 8,000 படங்களை இணைத்தார். அவை அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டிருந்த, உயிரற்ற பூச்சிகள். அவற்றுக்குச் செயற்கை விளக்கொளி பயன்பட்டது. திறந்தவெளியில் உயிருள்ள பூச்சி நமக்குச் சில நொடிகளே தரும். பத்துப் பதினைந்து படங்கள் கிடைத்தாலே பெரும்பேறு.

பூச்சி அசையாத நேரம்

பூச்சிகள் தம் உடல் வெப்பத்திற்குப் பெரும்பாலும் சுற்றுப்புறத்தையே சார்ந்துள்ளன. இரவின் குளிர்ச்சியில் தட்டான் செடியைப் பற்றிக்கொண்டு ஓய்வெடுக்கும். கதிரவன் எழுந்து உடல் சூடேறும் வரை அதனால் எளிதில் பறக்க இயலாது. எனவே, குளிர்காலத்தில் கதிரவன் எழுந்த முதல் ஒரு மணி நேரமே குவிய அடுக்குக்கு உகந்த வேளை. தட்டான் சிறகுகளை நடுக்கத் தொடங்கினால், அது பறக்க ஆயத்தமாகிறது என அறிந்து சற்று விலகி நிற்க வேண்டும்.

பூச்சியை நெருங்கும்போது உங்கள் நிழல் அதன்மீது விழலாகாது. பக்கவாட்டிலிருந்து மெதுவாக அணுகுங்கள். கேமராவை மூன்று கால் தாங்கியின் மீதோ, அரிசி நிரப்பிய துணிப்பையின் மீதோ வையுங்கள். காற்றில் செடி ஆடினால், பூச்சி இல்லாத பகுதியில் தண்டைத் துணிக்கிளிப்பால் ஒரு குச்சியோடு இணைக்கலாம்.

ஒளியை மென்மையாக்குதல்

நண்பகல் வெயில் வண்டின் வழவழப்பான ஓட்டில் வெண்புள்ளியாக மின்னும், நிறத்தை மறைத்துவிடும். மழைக்கால மேகமூட்டம் வானம் முழுவதையும் ஒரு வெண்திரையாக்கி, ஒளியைச் சீராகப் பரப்புகிறது. வெயில் நேரத்தில் அதே பயனைப் பெற, பூச்சிக்கும் கதிரவனுக்கும் இடையே மெல்லிய வெள்ளைத் துணியையோ எண்ணெய்த் தாளையோ பிடிக்கலாம். நிழலான பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டையை வைத்தால், அது ஒளியைத் திருப்பி அனுப்பி இருளைக் குறைக்கும். 12 படங்களிலும் ஒளியளவு மாறாதிருக்க, கேமராவின் அமைப்புகளைத் தானியங்கி முறையில் விடாமல் நாமே நிலையாக வைக்க வேண்டும்.

எங்கே தேடுவது?

கறிவேப்பிலைத் தொட்டியிலிருந்து தொடங்குங்கள். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி கறிவேப்பிலையிலும் முட்டையிடும். அதன் இளம்புழு பறவையின் எச்சம்போல் தோன்றித் தன்னைக் காத்துக்கொள்ளும். வளர்ந்த புழு இலையின் பச்சை நிறத்தைப் பெறும். தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து கவை போன்ற உறுப்பை நீட்டி வாடை வீசும். கூட்டுப்புழு ஒரு வாரத்திற்கும் மேலாக ஒரே இடத்தில் இருக்கும். குவிய அடுக்கைப் பழக இதனினும் பொறுமையான ஆசிரியர் இல்லை!

எருக்கஞ்செடியில் வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழுக்களைக் காணலாம். கறுப்பு வெள்ளைப் பட்டைகளும் மஞ்சள் புள்ளிகளும் கொண்ட அவை, எருக்கின் நச்சை உடலில் சேர்த்துவைப்பதால் பறவைகள் அவற்றைத் தவிர்க்கின்றன. எருக்கம்பால் கண்ணில் படாமல் கவனமாக இருங்கள்.

விடுமுறையில் பெற்றோருடன் தாராவியிலுள்ள மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவிற்குச் செல்லலாம். மித்தி ஆற்றங்கரையில் குப்பைமேடாகக் கிடந்த நிலத்தில் மரங்கள் நட்டு உருவாக்கப்பட்ட அப்பூங்கா, 1994-இல் திறக்கப்பட்டது. இன்று அங்கு வண்ணத்துப்பூச்சிகள் பலவற்றைக் காணலாம்.

ஒன்றை மறவாதீர்: டிராம்பேயில் அணு ஆராய்ச்சி மையத்தைச் சார்ந்த பகுதிகளில் படம்பிடிக்கத் தடை உண்டு. அறிவிப்புப் பலகை உள்ள இடங்களில் கேமராவையோ கைப்பேசியையோ வெளியே எடுக்கக் கூடாது.

படத்தினும் பெரியது உயிர்

பூச்சி அசையாதிருக்க வேண்டும் என்பதற்காக அதனைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்போரும், பசையால் ஒட்டுவோரும் உண்டு. இச்செயல்கள் பூச்சியை வருத்தும். சில வேளைகளில் கொன்றுவிடும்.

மழைக்காலத்தின் முடிவில் நம் குடியிருப்பின் மேலே கூட்டமாகப் பறக்கும் மஞ்சள் நிறத் தட்டான்களைப் பார்த்திருப்பீர்கள். இவ்வினம் இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாக, இந்தியப் பெருங்கடலைக் கடந்து கிழக்கு ஆப்பிரிக்காவிற்குச் செல்கிறது என்னும் கருத்தை, சார்லஸ் ஆண்டர்சன் என்னும் உயிரியலாளர் 2009-இல் சான்றுகளுடன் வெளியிட்டார். நான்கரை சென்டிமீட்டர் நீளமுள்ள உயிருக்கு அது எத்துணை நெடிய பயணம்! நாம் காணும் தட்டான் அப்பயணத்தின் இடையே இளைப்பாறுவதாகவும் இருக்கலாம். அதன் சிறகு ஒடிந்தால் பயணம் அங்கேயே முடிந்துவிடும். நல்ல படம் கிடைக்காவிடில் மறுநாள் மீண்டும் செல்லலாம்.

இணைத்து உருவாக்கிய படத்தைப் பிறருக்குக் காட்டும்போது, அது எத்தனை படங்களின் தொகுப்பு என்பதையும், இடத்தையும், நாளையும் அடியில் எழுதுங்கள். அப்போதுதான் அது அழகிய படமாக மட்டுமன்றி, நம்பத்தக்க பதிவாகவும் அமையும்.

அறிந்துகொள்வோம்

• தட்டான் ஓய்வெடுக்கையில் சிறகுகளை விரித்து வைக்கும். ஊசித்தட்டான் பெரும்பாலும் அவற்றை உடலோடு சேர்த்து மடக்கும்.
• மராத்தியில் தட்டானைச் 'சதுர்' என்பர். இதற்குத் திறமையுள்ளவன் என்பது பொருள். தமிழிலும் 'சதுரன்' என்றால் திறமையாளன்.
• ஊசித்தட்டானை மராத்தியர் 'டாச்சணி' என்பர். இதற்குக் குண்டூசி என்பது பொருள். ஒரே பூச்சியில் இரு மொழியினரும் ஊசியையே கண்டிருக்கின்றனர்.
• தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சி தமிழ் மறவன் (2019).

சொல்லும் பொருளும்

உணர்கொம்பு – பூச்சியின் தலையிலுள்ள உணர்வுறுப்பு
கவை – இரண்டாகப் பிரிந்த கிளை வடிவம்
குவியம் – ஒளிக்கதிர்கள் கூடும் இடம்
வில்லை – லென்ஸ்

பயிற்சி

1. புல ஆழம் என்பது யாது? பூச்சியை நெருங்கும்போது அது எவ்வாறு மாறும்?
2. 6 மி.மீ. ஆழமுள்ள வண்டைப் பதிவு செய்ய, 0.75 மி.மீ. இடைவெளியில் ஏறத்தாழ எத்தனை படங்கள் தேவை?
3. தட்டானைக் காலையில் படம்பிடிப்பது ஏன் எளிது?
4. பிரித்து எழுதுக: எருக்கஞ்செடி, சிற்றுயிர், வெண்திரை.
5. உங்கள் வீட்டருகே காணும் பூச்சி ஒன்றை மூன்று நாள் கவனித்து, அதன் தமிழ்ப் பெயரைப் பெற்றோரிடமோ தாத்தா பாட்டியிடமோ கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதுக.