ஆயில் எங்கே ஒழுகுகிறது?

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



எங்கள் ஊர் சிவகிரி. மலையடிவாரத் தோட்டங்களில் எலுமிச்சை ஏற்றி, புளியங்குடி மார்க்கெட்டில் இறக்குவது அப்பாவின் தொழில். ஒரு பழைய டீசல் பிக்கப்தான் எங்கள் வீட்டுச் சோறு. அது நின்ற இடமெல்லாம் கறுப்பாய் ஆயில் சொட்ட ஆரம்பித்தது. ஒரு பட்டறையில் காட்டினோம். குனிந்து பார்த்துவிட்டு, "பின் ஆயில் சீல் போச்சு, கியர்பாக்ஸை இறக்கணும்" என்றார்கள். அந்தச் செலவில் என் செமஸ்டர் பீஸ் போய்விடும்.

அன்று ராத்திரி அப்பா கேட்டார்: "ஏலே, நீ படிக்கது இதைத்தானலே?"

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் நான். எனக்குப் பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு அடியில் படுத்தேன். அங்கே கற்றதை உங்களுக்குச் சொல்கிறேன்.

சொட்டும் இடம் வேறு, ஒழுகும் இடம் வேறு

ஆயில் கீழ்நோக்கி இறங்கும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் கசிவு எங்கே இருந்தாலும், சொட்டு விழுவது பெரும்பாலும் இன்ஜினின் பின்பக்க அடியில்தான். அதைப் பார்த்து முடிவு செய்தால் ஏமாந்து போவோம்.

முதலில் அது இன்ஜின் ஆயில்தானா என்று பாருங்கள். டீசல் இன்ஜின் ஆயில் கறுத்திருக்கும். கியர் ஆயில் கெட்டியாக, கந்தக வாடை அடிக்கும்.

கண்டுபிடிக்கும் முறை

1. டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு பாருங்கள். குறைந்திருந்தால் ஊற்றிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஆயில் இல்லாமல் ஓடினால் பேரிங் பிடித்துவிடும்.

2. ஆறிய இன்ஜினை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பெட்ரோல் வேண்டாம், தீ ஆபத்து.

3. சந்தேகமான இணைப்புகளில் முகப்பவுடர் தூவுங்கள். கசிகிற இடத்தில் பவுடர் நனைந்து கோடு போடும்.

4. பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, மேலிருந்து கீழாகப் பாருங்கள்: டேப்பட் கவர் பேக்கிங், ஆயில் பிரஷர் சுவிட்ச், ஆயில் பில்டர், முன்பக்க சீல், சேம்பர் பேக்கிங், டிரெயின் பிளக் வாஷர். மேலே எல்லாம் காய்ந்திருந்து, பெல் ஹவுசிங் அடியில் மட்டும் இன்ஜின் ஆயில் வந்தால்தான் பின் சீல்மேல் சந்தேகப்பட வேண்டும்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.

எங்கள் வண்டியில் டேப்பட் கவரின் பின் மூலையில் பவுடர் நனைந்திருந்தது. கார்க் பேக்கிங் சூட்டில் காய்ந்து வெடித்திருந்தது. புதுசு போட்டேன். வெற்றி என்று நினைத்தேன். மூன்றாம் நாள் மறுபடியும் கசிவு!

காரணத்துக்கும் ஒரு காரணம்

பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எப்போதும் கீழே இறங்கும். அது வெளியேறத்தான் பிரீதர் ஓஸ். அது அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடி, எந்த பேக்கிங் பலவீனமோ அதன் வழியே ஆயிலைத் தள்ளும். எங்கள் ஓஸில் கரிப்பிசின் அடைத்திருந்தது. அதைச் சுத்தம் செய்து, பேக்கிங்கையும் மறுபடி மாற்றினேன். போல்ட்டுகளைச் சமமாக, அளவாக முடுக்க வேண்டும். பலமாக முடுக்கினால் தகர கவர் வளைந்து, கசிவு கூடத்தான் செய்யும்.

பிரீதர் சுத்தமாக இருந்தும், ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று தள்ளினால், ரிங் தேய்ந்திருக்கலாம். அப்போது பட்டறைக்குத்தான் போக வேண்டும். அங்கேயும் "எந்த இடத்தில் கசியுது, காட்டுங்கண்ணே" என்று கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் அப்பா தினமும் வண்டிக்கு அடியில் பழைய பேப்பர் விரித்தார். பேப்பர் காய்ந்தே கிடந்தது. எட்டாம் நாள் பீஸ் பணத்தை எண்ணிக் கையில் கொடுத்தார். நண்பர்களே, லேபில் படிப்பதை வீட்டு வாசலில் ஒருமுறை செய்து பாருங்கள்!