இலையில் கரி, கிளையில் பொருக்கு

மன்னார்த் தீவின் மணல் வளவில் ஓர் ஈழத்தலரி மரத்தை நிழல் தருமளவுக்கு ஆளாக்குவது பல வருடத்துப் பாடு. அந்த ஈழத்தலரியின் இலைகள் ஒருநாள் கரி பூசினாற்போல் கறுத்துக் கிடந்தால் மனம் பதறும். மருந்துக் கடைக்கு ஓடுமுன் கறுத்த இலைக்கு மேலேயுள்ள கிளையைப் பாருங்கள்.

இந்தக் கரி ஒரு பூஞ்சணம். செதில் பூச்சியும் அதன் இனமான மாவுப்பூச்சியும் சாற்றை உறிஞ்சிக் கழிக்கும் இனிப்பு நீரில் அது வளர்கிறது. அந்த இனிப்புக்காகவே எறும்புகள் மரமேறுகின்றன. பூச்சியின் எதிரிகளை விரட்டிக் காவலும் காக்கின்றன. ஆனால் கடின ஓடுள்ள செதில் பூச்சிகள் இனிப்பு நீர் கழிப்பதில்லை. அங்கே இலை மஞ்சளாகும், கிளை நுனி காயும்.

கிளையில் ஒட்டிய பொருக்கை நகத்தால் கீறுங்கள். ஈரமாக நசிந்தால் பூச்சி உயிரோடிருக்கிறது. பொடியாக உதிர்ந்தால் செத்துவிட்டது. வட்டமாகச் சிறு துளை இருந்தால், உள்ளே வளர்ந்த ஒட்டுண்ணிக் குளவி வெளியேறியிருக்கிறது.

அந்தக் குளவியின் அருமையை இலங்கை அனுபவித்து அறிந்தது. மெக்சிக்கோ, மத்திய அமெரிக்கப் பகுதியிலிருந்து பரவிய பப்பாசி மாவுப்பூச்சி 2008இல் கம்பஹா, கொழும்பு மாவட்டங்களில் தென்பட்டது. பப்பாசியோடு ஈழத்தலரியும் வெள்ளையடித்ததுபோல் ஆனது. 2009இல் அசெரோபேகஸ் பப்பாயே என்ற நுண்குளவி வரவழைக்கப்பட்டு விடப்பட்டது. அதே 2008இல் கோயம்புத்தூரில் தலைகாட்டிய பூச்சிக்குத் தமிழ்நாட்டிலும் 2010இல் இக்குளவியே துணைக்கு வந்தது. கண்ட மாத்திரத்தில் கடும் நஞ்சு தெளித்தால் முதலில் மடிவது இந்தக் குளவிதான். மெழுகுக்குள் இருக்கும் பூச்சி தப்பிவிடும்.

ஆகவே மோசமான கிளைகளை வெட்டி எரியுங்கள். அடிமரத்தில் துணி சுற்றி, அதன்மேல் கிறீஸ் தடவி எறும்பின் வழியை மறியுங்கள். மாவுப்பூச்சியைத் தண்ணீரைப் பீய்ச்சியே பெருமளவு உதிர்க்கலாம். எஞ்சியதற்கு ஒரு லீற்றர் நீரில் 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெயும் அது கரையச் சிறிது சவர்க்காரமும் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள். முதலில் ஒரு கிளையில் சோதித்துப் பார்ப்பது நல்லது. பொரித்த குஞ்சுகளுக்கு மெழுகு மூடியிராது; அவைதான் நடமாடும், சோளகக் காற்றிலும் பறந்து பரவும். முட்டைகள் பின்னர் பொரிக்குமாதலால் வாரமொரு முறை, இரண்டு மூன்று தடவை தெளிக்க வேண்டும்.

கோடையில் வேருக்குத் தண்ணீர் விடுங்கள். வாடிய மரத்தில் பூச்சி வேகமாகப் பெருகும். புதுக்கன்றை நடுமுன் இலையைப் புரட்டிப் பாருங்கள். இனம் தெரியாவிட்டால் ஒரு சிறு கிளையைப் பையில் இறுகக் கட்டி கமநல சேவை நிலையத்தில் காட்டுங்கள். திறந்தபடி கொண்டுபோனால் வழியிலுள்ள வளவுகளுக்கும் பூச்சியைக் கொடுத்துவிடுவோம்.