சார் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்

ஓவியம் விற்றதும் வாங்கியவர் வீட்டுச் சுவருக்குப் போய்விடும். ஓவியரிடம் மிஞ்சுவது அதைச் சுற்றியிருந்த காகிதங்கள்தான்: பென்சில் வரைவு, கண்காட்சி அழைப்பிதழ், ரசீது, நண்பர் எழுதிய கடிதம், மங்கிப்போன ஒரு புகைப்படம். இது இவர் வரைந்ததுதானா, எந்த வருஷம் வரைந்தது என்று நாளைக்கு ஒரு கேள்வி வந்தால் பதில் இவற்றில்தான் இருக்கும். பல வீடுகளில் இவை பரண்மேல் அட்டைப்பெட்டிக்குள் கிடக்கின்றன.

ஓவியர் போனபிறகு இவற்றை ஒழுங்குபடுத்துவது எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு ஓவியர் பிரான்சிஸ் பேக்கனின் பணிக்கூடமே சான்று. லண்டன் ரீஸ் மியூஸில் முப்பது ஆண்டுகளுக்குமேல் ஒரே அறையில் வரைந்தவர் 1992இல் இறந்தார். 1998இல் அந்த அறையிலிருந்த அத்தனையும் டப்ளின் ஹியூ லேன் காட்சிக்கூடத்துக்கு நன்கொடையாகக் கிடைத்தன. கிழிந்த பத்திரிகைப் பக்கங்கள், புகைப்படங்கள், காய்ந்த தூரிகைகள் என்று குவிந்து கிடந்த அறைக்குள் தொல்லியலாளர்கள் இறங்கி, எது எங்கே கிடந்தது என்று வரைபடம் போட்டார்கள். 7,000க்கும் மேற்பட்ட பொருள்களைப் பட்டியலிட்டு, 2001இல் அந்த அறையை டப்ளினில் மறுபடி அமைத்தார்கள். ஓவியத்துக்கு முன்வரைவு போடும் பழக்கமில்லை என்று பேக்கன் சொல்லிவந்தார். குவியலுக்குள்ளிருந்து அவர் கையால் போட்ட வரைவுகள் வெளியே வந்தன. ஏன் மறைத்தீர்கள் என்று கேட்க அவர் இல்லை.

அதே 1992இல் மறைந்த அமெரிக்க ஓவியர் ஜோன் மிட்செலின் பெயரில் நியூயார்க்கில் ஓர் அறக்கட்டளை இயங்குகிறது. மூத்த கலைஞர்கள் தங்கள் படைப்புகளைத் தாங்களே பட்டியலிட உதவும் திட்டத்தை 2007இல் அது தொடங்கியது. பயிற்சி பெற்ற உதவியாளர் ஒருவர், பெரும்பாலும் அவரும் கலைஞரே, பணிக்கூடத்துக்குப் போய் மூத்தவரோடு உட்கார்ந்து அளப்பார், படமெடுப்பார், பதிவார். எந்தக் கலைஞரும் பின்பற்றக்கூடிய கையேடுகளையும் அறக்கட்டளை வெளியிட்டிருக்கிறது. இந்த முறையில் நான் உயர்வாக நினைப்பது, பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஓர் ஆள் இருப்பதைத்தான். நம் ஊர் ஓவியக் கல்லூரி மாணவர்கள் தங்கள் ஆசிரியர்களுக்கு இதைச் செய்யலாம். அமைப்பு எதுவும் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

எதையும் நகர்த்துவதற்கு முன்னால் அலமாரிகளையும் பெட்டிகளையும் இருக்கிறபடியே படமெடுங்கள். எந்தக் கடிதம் எந்த வரைவோடு சேர்ந்திருந்தது என்பதே ஒரு தகவல். பிறகு ஒவ்வொரு படைப்புக்கும் ஓர் எண் கொடுங்கள். 1987-014 என்றால் அந்த ஆண்டின் பதினான்காவது படைப்பு. பட்டியலிலும், புகைப்படக் கோப்பின் பெயரிலும், உறையின் மேலும் அதே எண் இருக்க வேண்டும். தலைப்பு, ஆண்டு, ஊடகம், உயரம், அகலம், கையெழுத்து இருக்குமிடம், காட்டப்பட்ட கண்காட்சிகள், இப்போது யாரிடம் இருக்கிறது என்று எழுத ஓர் எக்செல் தாள் போதும். ஆண்டு நிச்சயமில்லை என்றால் ‘சுமார்’ என்று சேர்த்து எழுதுங்கள். ஊகம் ஒருமுறை உண்மைபோலப் பதிவாகிவிட்டால் பின்னால் வருகிறவர்களெல்லாம் அதையே எடுத்தாள்வார்கள். ஓவியத்தின் பின்பக்கத்தையும் மறக்காமல் படமெடுக்க வேண்டும். காட்சிக்கூடத்தின் சீட்டும், பழைய விலையும், சில சமயம் அடித்துத் திருத்திய தலைப்பும் அங்கேதான் இருக்கும்.

இவ்வளவையும் செய்யும்போது செல்போனில் ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருக்கட்டும். “சார், இந்தப் போட்டோவில ஓரமா நிக்கிறது யாரு? இதை எங்க இருந்தப்ப வரைஞ்சீங்க?” காகிதம் இன்னும் ஐம்பது ஆண்டு தாங்கலாம். இந்தக் கேள்விகளுக்கான பதில் ஒருவரிடம் மட்டுமே இருக்கிறது.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, சென்னை போன்ற கடலோர ஊரில் முதல் எதிரி காற்றிலிருக்கும் ஈரம். ஈரம் தங்கினால் பூஞ்சை வரும், ராமபாணப் பூச்சியும் வரும். வெளிச்சுவரை ஒட்டிப் பெட்டிகளை அடுக்க வேண்டாம். தரையில் வைக்கக்கூடாது என்பதை 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. குண்டூசி, ஸ்டேப்ளர் பின், ரப்பர் பேண்ட் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். அதன் பசை பழுத்துக் காகிதத்துக்குள் இறங்கும். லேமினேஷனைப் பிறகு பிரிக்கவே முடியாது. அமிலமில்லாத காகித உறைகள் விலை கூடுதல்தான். எல்லாவற்றுக்கும் முடியாவிட்டாலும் வரைவுகளுக்காவது வாங்குங்கள். புகைப்படத்தின் பின்னால் எழுத மென்மையான பென்சிலே நல்லது. பால்பாயின்ட் பேனா முன்பக்கம்வரை அழுந்தும்.

மின்படிகளில் மூன்று பிரதிகள் வேண்டும், ஒன்று வேறு ஊரில். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிவிடுகிறது, அதை மூலப்படியாக வைத்துக்கொள்ளாதீர்கள். ஸ்கேன் செய்தாயிற்று என்று அசல் காகிதத்தைத் தூக்கிப் போடுவது பெரிய இழப்பு.

குடும்பத்தோடு பேசி முடிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. இந்தியச் சட்டப்படி பதிப்புரிமை ஓவியர் இறந்தபின் 60 ஆண்டுகள் நீடிக்கிறது. ஓவியத்தை விற்றதால் மட்டும் அந்த உரிமை வாங்கியவருக்குப் போய்விடாது. புத்தகத்தில் அச்சிட, நாட்காட்டியில் போட யார் அனுமதி தருவது, காகிதங்களை எந்த நூலகத்துக்குக் கொடுப்பது, கடிதங்களில் எவற்றை எப்போது திறப்பது என்பதை ஓவியரே உயிலில் எழுதி வைக்கலாம். இவற்றையெல்லாம் பார்த்துக்கொள்ளப் போகிறவரிடம் முன்கூட்டியே கேட்டு, அவர் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும். பட்டியல் எந்தக் கணினியில் இருக்கிறது, அதைத் திறக்கும் கடவுச்சொல் என்ன என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.